சணல் நார் உருவிக்கொண்டு வருவது: ஈரத்தை முதலில் பாருங்கள்

சணல் நாரை எபாக்சிப் பிசினோடு சேர்த்துத் தகடாக வார்ப்பதற்கு முன், நாரை உலர்த்தும் அடுப்பில் (oven) உலர்த்துங்கள்: 80 டிகிரியில் ஓர் இரவு முழுக்க. 5% காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கழுவி, நிழலில் காயவைத்தும் எபாக்சி தகடு உடையும்போது நார் முழுசாக உருவிக்கொண்டு வருகிறது என்றீர்கள். குறை சோடாவில் இல்லை, நிழலில் காயவைத்ததில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சணல் தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். ஆனால் சாதாரணக் காற்றிலேயே எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்த ஈரம் பிசினை நாரோடு ஒட்டவிடாது, நாரைச் சுற்றி நுண்ணிய வெற்றிடங்களையும் உண்டாக்கும்.

சோதித்துப் பார்க்க:

1. நிழலில் காய்ந்த 10 கிராம் நாரை 105 டிகிரியில், எடை மேலும் குறையாமல் நிற்கும் வரை வையுங்கள். 9 கிராமுக்கு வந்தால் பதில் கிடைத்துவிட்டது: நாரில் ஈரம் இருந்திருக்கிறது.

2. உலர்ந்த நாரைச் சூடு ஆறுவதற்குள் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள். திறந்து வைத்தால் ஈரம் திரும்ப ஏறிவிடும்.

3. உலர்ந்த நாரால் வார்த்த புதுத் தகட்டை உடைத்து, முறிந்த முகத்தை லென்ஸில் பாருங்கள். வழவழப்பான குழிகளும் நீளமாக நீட்டிய நார்களும் தெரிந்தால் நாருக்கும் பிசினுக்கும் பிடிப்பு இல்லை. நார் முகத்தோடு ஒட்டி அறுந்திருந்தால் பிடிப்பு வந்துவிட்டது.

சோடாவின் அளவையோ ஊறவைக்கும் நேரத்தையோ கூட்டாதீர்கள், நாருக்குப் பலம் தரும் செல்லுலோஸே நலிந்து நார் பலமிழக்கும். அப்புறம், கழுவிய கடைசித் தண்ணீரை லிட்மஸில் பாருங்கள், காரம் மிச்சம் இருக்கக் கூடாது.

ஒன்று: நார் குட்டையாகவும் குறைவாகவும் இருந்தால், பிடிப்பு சரியானாலும் வெறும் எபாக்சியை விட பலம் கூடாமல் போகலாம்.