மகளின் ஆல்பத்துக்குக் கையெழுத்துப் போடும் முன்

அம்மா, போன சனிக்கிழமை சுங்கை சிப்புட்டில் என் அறைக்கு மூவரும் வந்தபோது, மகளுக்கு ஆல்பம் போடுவதாகச் சொல்லும் நிறுவனத்தின் ஒப்பந்தத் தாள்களை உங்கள் கணவர் மளிகைக்கடைப் பிளாஸ்டிக் பையில் மடித்துக் கொண்டுவந்தார். பதினான்கு பக்கம், முழுவதும் ஆங்கிலம். அன்று பாதியில் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

முதலில் குரல். நான் கேட்டதும் பெண் பின்னணி இசை ஏதுமில்லாமல், சுழலும் மின்விசிறியைப் பார்த்தபடியே ஒரு பல்லவியைப் பாடினாள். மேல் ஸ்தாயியில் குரல் பிசிறியது. தலை குனியவில்லை. சிரித்துவிட்டு, அரைக் கட்டை இறக்கி முதலிலிருந்து பாடினாள். தொலைக்காட்சிப் போட்டியில் அரையிறுதி வரை போனதைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் பட்டது. திறமை இருக்கிறதா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள், இருக்கிறது.

“தீபாவளிக்குள் ஆல்பம் வராவிட்டால் ஜனங்கள் முகத்தை மறந்துவிடுவார்கள்” என்று நிறுவனத்தார் சொன்னதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது. நம் நாட்டுப் பாடகி ஜாக்லின் விக்டரை உதாரணம் காட்டினார்களாம். அவர் 2004-இல் முதல் ‘மலேசியன் ஐடல்’ பாட்டுப் போட்டிப் பட்டத்தை வென்றார். ‘கெமிலாங்’ பாட்டும் அதே பெயரில் முதல் ஆல்பமும் சூட்டோடு சூடாக வந்தன. அந்தப் பாட்டு 2005-ஆம் ஆண்டின் சிறந்த பாட்டுக்கான ‘அனுகெரா ஜுவாரா லாகு’ விருதையும் பெற்றது. எல்லாம் சரி. ஆனால் போட்டி மேடை ஏறும்போது அவருக்கு வயது 25. அதற்குள் பல ஆண்டுகள் இரவு மேடைகளில் பாடிச் சம்பாதித்துப் பழகியவர். இந்தப் பகுதியை யாரும் சொல்வதில்லை. அமெரிக்காவில் அதே 2004-இல் ‘ஐடல்’ போட்டியில் ஏழாம் இடத்தோடு வெளியேறியவர் ஜெனிஃபர் ஹட்சன். அவருடைய முதல் ஆல்பம் 2008-இல்தான் வந்தது. இடையில் 2007-இல் நடிப்புக்கு ஆஸ்கார் விருதே வாங்கிவிட்டார். நான்கு ஆண்டுகளில் ஜனங்கள் மறந்துவிடவில்லை.

இனி பணம். ஒலிப்பதிவுச் செலவுக்கு 18,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார்கள். கணவருக்கு 55 வயதாகிவிட்டதால் சேமநிதியிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம் என்கிறார். ஒரு காசு கூட வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஒன்பதாம் பக்கத்தை ஆங்கிலம் தெரிந்த யாரையாவது படிக்கச் சொல்லுங்கள்: செலவு உங்களுடையது, மூலப்பதிவின் உரிமை அவர்களுடையது. அடுத்த பக்கத்தில், ஐந்து ஆண்டுகளுக்கு அவள் எந்த மேடையில் பாடினாலும் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு. கல்யாண விருந்து, கோயில் திருவிழா எல்லாம் இதில் அடக்கம். மலேசியாவில் தமிழ்ப் பாடகருக்குச் சோறு போடுவதே இந்த மேடைகள்தான்.

நம் நாட்டுச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் போடும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. அது அவர்களுக்கும் தெரியும். கடைசிப் பக்கத்தில் ‘உத்தரவாதம் அளிப்பவர்’ என்று தகப்பனாருக்கு ஒரு கோடு போட்டிருப்பது அதனால்தான். நாளைக்குப் பிரச்சினை வந்தால் வீட்டு வாசலுக்கு வருவார்கள். ஈப்போவில் ஒரு வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அது வீண் செலவு ஆகாது.

நீங்கள் இருபது வருடம் பால்மரம் வெட்டியவர். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளரும், பிறகு அங்கே கத்தி ஓடாது. ஒப்பந்தத்தில் மாதம் எட்டு மேடை என்ற வரியைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. 17 வயதுக் குரல் அது.

அதற்காகப் பாட்டை நிறுத்தச் சொல்ல மாட்டேன். பல வருடங்களுக்கு முன் ஒரு பையனிடம் அப்படிச் சொன்னேன். சொன்ன பேச்சைக் கேட்டான். இன்று நல்ல வேலையில் இருக்கிறான், கல்யாண வீட்டில் கூடப் பாடுவதில்லை. அவன் தாயாரைச் சந்தையில் பார்த்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

ஆல்பத்துக்குப் பதிலாக இப்போதைக்கு ஒரே ஒரு பாட்டுப் போதும். நோட்டுப் புத்தகத்தில் அவளே வரிகள் எழுதி மெட்டும் போட்டு வைத்திருக்கிறாள். அன்று வெட்கப்பட்டுக்கொண்டே காட்டினாள். அது சாதாரண விஷயமல்ல. பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிமைத்தொகை திரட்டித் தரும் எம்.ஏ.சி.பி. என்ற அமைப்பு இங்கே இருக்கிறது. அடுத்தவர் பாட்டை வெறுமனே பாடுகிறவருக்கு அந்தப் பங்கு வராது. சொந்தப் பாட்டைப் பதிவு செய்து, உரிமையைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு இணையத்தில் வெளியிடட்டும்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடிந்ததும் படிவம் 6, மூன்று தவணை. அதன் இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம். தேறினால் தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் இசைக் கல்விப் பட்டப்படிப்பு இருக்கிறது. பேராக் மாநிலத்துக்குள்ளேயே இருப்பதால் உங்களுக்கும் நிம்மதி. படிவம் 6 வேண்டாம் என்று அடம்பிடித்தால், கோலாலம்பூரில் அஸ்வாரா கலைக் கழகத்தின் இசை டிப்ளோமாவுக்கு எஸ்.பி.எம். தகுதியோடு விண்ணப்பிக்கலாம். குரல் தேர்வு உண்டு. அதில் அவளுக்குப் பயமிருக்காது. “இசை படித்தால் என்ன வேலை?” என்று கணவர் கேட்டார். பள்ளியில் ஆசிரியை, வார இறுதியில் மேடை. இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காது.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றீர்கள். வழக்கறிஞர் படித்து முடிக்கும் வரை கையெழுத்து இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். கோபப்பட்டால் படட்டும். அடுத்த சனிக்கிழமை வரும்போது அந்த நோட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள். மூன்றாவது பாட்டின் சரணம் எப்படிப் போகிறது என்று அவள் இன்னும் பாடிக் காட்டவில்லை.