கேள்வி – பதில்: அழுத்தம் அசையவில்லை, காற்றை எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி: வால்வுகளைத் தள்ளித் திறக்கும் சுழல் தண்டான கேம் ஷாஃப்ட் இல்லாமல், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வுகளை மின்னணு முறையில் திறந்து மூடும் பெட்ரோல் இன்ஜினுக்கான கணினி மாதிரியை இறுதியாண்டு ப்ராஜெக்ட்டாகச் செய்து வருகிறேன். மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்) அழுத்தத்தையும் இன்ஜின் வேகத்தையும் வைத்துக் காற்றைக் கணக்கிடலாம் என்கிறது பாடநூல். என் மாதிரியிலோ பாரம் ஏறினாலும் இறங்கினாலும் அழுத்தம் அசைவதே இல்லை. எங்கே பிழை?
– பொறியியல் மாணவி, ஜாலஹள்ளி, பெங்களூரு

பதில்: உங்கள் மாதிரி சரியாகத்தான் நடந்துகொள்கிறது. பாடநூலின் வழி, காற்று வரும் வழியைத் திறந்து மூடும் தட்டான த்ராட்டிலால் காற்றைக் கட்டுப்படுத்தும் இன்ஜினுக்கு உரியது. அங்கே ஆக்சிலரேட்டரை விட்டதும் த்ராட்டில் தட்டு மூடிக்கொள்வதால் மேனிஃபோல்ட் அழுத்தம் 40 கிலோபாஸ்கலுக்கும் கீழே இறங்கிவிடும். சிலிண்டருக்குள் நுழையும் காற்றின் அடர்த்தியும் அதற்கேற்பக் குறைவதால், அழுத்தத்தை அளந்தாலே காற்றைப் பெரும்பாலும் அளந்ததாகிவிடும். உங்கள் இன்ஜினில் த்ராட்டில் திறந்தே கிடக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 91 கிலோபாஸ்கல் என்றால், மேனிஃபோல்டிலும் ஏறத்தாழ அதுவே நிற்கும். த்ராட்டிலுக்கு எதிராகக் காற்றை இழுப்பதில் பிஸ்டன் வீணாக்கும் உழைப்பை மிச்சப்படுத்தத்தான் இந்த ஏற்பாடே செய்யப்படுகிறது. காற்றின் அளவைத் தீர்மானிப்பது, பிஸ்டன் இறங்கும் வழியில் வால்வு எந்த டிகிரியில் மூடுகிறது என்பதுதான்.

ஆகவே கணக்கை கிராங்க் கோணத்திலிருந்து, அதாவது பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்க் தண்டு திரும்பியிருக்கும் கோணத்திலிருந்து தொடங்குங்கள். 1,200 சிசி, 4 சிலிண்டர் இன்ஜின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிலிண்டருக்கு 300 சிசி. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் நீளம் கிராங்க் ஆரத்தைப்போல் 3.5 மடங்கு என்று வைத்துக்கொண்டால், மேல் முனையிலிருந்து 90 டிகிரி திரும்பும்போது பிஸ்டன் சுமார் 172 சிசி இடம் விட்டிருக்கும். 40 டிகிரியில் 44 சிசிதான். 25 டிகிரி செல்சியஸில் நம் ஊர்க் காற்று ஒரு சிசிக்கு 1.06 மில்லிகிராம் எடையுள்ளது. அதன்படி 40 டிகிரியில் வால்வை மூடினால் 47 மில்லிகிராம் காற்று உள்ளே வந்திருக்கும். அதற்கு வேண்டிய பெட்ரோல், 14.7-க்கு 1 என்ற விகிதத்தில், 3.2 மில்லிகிராம். முந்தைய சுற்றில் எரிந்து மிஞ்சிய சூடான வாயு இந்தக் கணக்கைக் குலைத்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். அழுத்தம் மாறாமல் இரண்டும் கலக்கும்போது சூடான வாயு சுருங்குவதும் புதுக் காற்று விரிவதும் ஏறத்தாழச் சரிக்கட்டிவிடும். சிலிண்டர் சுவரோடு நடக்கும் வெப்பப் பரிமாற்றத்தை மட்டும் தனித் திருத்தமாகச் சேர்த்தால் போதும்.

கவனம் முழுவதையும் கோரும் இடம் இனிமேல்தான் வருகிறது. 90 டிகிரிக்கு அருகில் வால்வு ஒரு டிகிரி தாமதமாக மூடினால் 2.6 சிசி, அதாவது 1.5 விழுக்காடு காற்று கூடும். 40 டிகிரியில் அதே ஒரு டிகிரி 2 சிசியைத்தான் கூட்டுகிறது. ஆனால் 44 சிசியில் அது ஏறக்குறைய 5 விழுக்காடு. கீழ் முனைக்கு அருகிலோ பிஸ்டன் அசைவதே தெரியாது என்பதால் பிழையும் தெரியாது. பாரம் குறையக் குறைய மாதிரி நம்ப முடியாததாகிறது. சில்க் போர்டு சந்திப்பில் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டிக்கு வாய்ப்பது பெரும்பாலும் அந்தக் குறைந்த பாரம்தான். புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றி ஒழுங்காக வேலை செய்ய, காற்று-எரிபொருள் விகிதம் ஒரு விழுக்காட்டு அளவுக்குள் நிற்க வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஒரு டிகிரி என்பது, வண்டி நின்றபடி இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும் ஐடிலில், சுமார் 0.2 மில்லிநொடி. எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும் காலை வேளையில், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் வால்வு அவ்வளவு தாமதிப்பது பெரிய விஷயமே அல்ல. அதே தாமதம் 3,000 சுற்றில் 3.6 டிகிரி ஆகிவிடுகிறது. 40 டிகிரியில் மூட வேண்டிய வால்வென்றால் காற்றில் ஆறில் ஒரு பங்கு பிசகும். ஆகவே வால்வு ‘மூடு’ என்று கட்டளை பெற்ற நேரத்தை அல்ல, உண்மையில் மூடிய நேரத்தை மாதிரிக்குள் கொண்டுவாருங்கள். எண்ணெயின் வெப்பநிலையையும் மின்கல வோல்டேஜையும் அதன் உள்ளீடுகளாக வையுங்கள். வேகம் கூடும்போது, அரைகுறையாகத் திறந்த வால்வின் இடுக்கு வழியே காற்று திணறித்தான் நுழையும்; அப்போது சிலிண்டர் அழுத்தம் மேனிஃபோல்ட் அழுத்தத்துக்குக் கீழே நிற்கும் என்பதால், வால்வு எவ்வளவு உயர்கிறது என்பதைப் பொறுத்த ஓட்டச் சமன்பாடும் தேவைப்படும்.

கேள்வி: எங்கள் காரிலும் விவிடி என்று எழுதியிருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?
– கார் உரிமையாளர், அல்சூர், பெங்களூரு

பதில்: ஒன்றல்ல. விவிடி (வேரியபிள் வால்வ் டைமிங், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் முறை) பொதுவாக கேம் ஷாஃப்ட்டைச் சற்று முன்னும் பின்னும் திருப்புவதோடு நின்றுவிடும். த்ராட்டில் இருந்த இடத்திலேயே இருக்கும். பிஎம்டபிள்யூ 2001-இல் கொண்டுவந்த வால்வ்ட்ரானிக், மின் மோட்டாரால் வால்வு உயரத்தையே மாற்றியது. ஃபியட்டின் மல்டிஏர் 2009-இல் வந்தது. கேமுக்கும் வால்வுக்கும் இடையே எண்ணெயை வைத்து, அதை மின்காந்தத்தால் இயங்கும் சோலினாய்டால் வெளியேற்றி, ஒவ்வொரு சிலிண்டரையும் ஒவ்வொரு சுற்றிலும் தனித்தனியே கட்டுப்படுத்துகிறது. மேலே மாணவி கேட்டதற்கு மிக நெருக்கமானது இதுவே.

கேள்வி: இவ்வளவு கணக்கு எதற்கு? ஏர் ஃப்ளோ சென்சார் ஒன்றை மாட்டிவிட்டால் ஆயிற்றே?
– ஒர்க்‌ஷாப் நடத்துபவர், பீன்யா, பெங்களூரு

பதில்: நியாயமான கேள்வி. அந்தச் சென்சார் ஏர் ஃபில்டரை அடுத்து உட்கார்ந்திருக்கிறது. நான்கு சிலிண்டருக்கும் போகும் மொத்தக் காற்றைத்தான் அது பார்க்கும், அதுவும் சற்றுத் தாமதமாக. வால்வுகள் சட்டென்று மூடும்போது காற்று பின்னோக்கி அலையடித்து, ஒரே காற்று இருமுறை எண்ணப்படுவதும் உண்டு. வால்வுக்கு முன்னுள்ள காற்று வழியில் பெட்ரோலைத் தெளிக்கும் போர்ட் இன்ஜெக்ஷனில் பெட்ரோலைப் பெரும்பாலும் வால்வு திறப்பதற்கு முன்பே பீய்ச்சிவிடுகிறோம் என்பதால், வரப்போகும் காற்றை முன்கூட்டியே சொல்லும் மாதிரி இல்லாமல் வழியில்லை. சென்சாரையும் தூக்கி எறிய வேண்டாம்: வண்டி சீரான வேகத்தில் ஓடும்போது அதன் அளவையும் மாதிரி சொன்ன மொத்தத்தையும் ஒப்பிட்டு, வால்வு தேய்மானத்தால் வரும் விலகலை இன்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினியான இசியூ சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்ளலாம்.