மூச்சு சீராக இருந்தும் உதடு நீலமாவது ஏன்?

கேள்வி: ஜூரோங் தீவில் பராமரிப்புப் பணியில் இருக்கிறேன். அனிலின் என்னும் ரசாயனம் தோலில் பட்டாலே உதடும் நகமும் நீலமாகிவிடும் என்றும், அப்போது விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை நம்பக் கூடாது என்றும் பாதுகாப்பு வகுப்பில் சொன்னார்கள். தோலில் பட்ட ரசாயனம் மூச்சை எப்படிக் கெடுக்கும்?
- வாசகர், பூன் லே

பதில்: கெடுவது மூச்சன்று, மூச்சில் வந்த ஆக்ஸிஜனைச் சுமக்க வேண்டிய இரும்பு. சிவப்பணுவில் நிறைந்திருக்கும் ஹீமோகுளோபின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பு அணுக்கள் உள்ளன. அவை ஃபெரஸ் நிலையில் இருக்கும்வரை நுரையீரலில் ஆக்ஸிஜனைப் பற்றிக்கொண்டு திசுக்களில் விட்டுவிடும். ஓர் எலக்ட்ரானை இழந்து ஃபெரிக் நிலைக்குப் போன இரும்பால் ஆக்ஸிஜனைப் பற்ற இயலாது. இவ்வாறு ஆன ஹீமோகுளோபினை மெத்ஹீமோகுளோபின் என்பர். நலமாக உள்ளவர் உடலிலும் இது சிறிதளவு அன்றாடம் உருவாகிறது. ஆயினும் சைட்டோக்ரோம் பி5 ரிடக்டேஸ் என்னும் நொதி, இழந்த எலக்ட்ரானை உடனுக்குடன் திருப்பித் தருவதால் அதன் அளவு 1 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது.

அனிலின் இந்தச் சமநிலையைக் குலைக்கும் விதம் வஞ்சகமானது. தோலின் வழியே ரத்தத்தில் கலந்து கல்லீரலை அடையும் அது, அங்கே ஃபீனைல்ஹைட்ராக்ஸிலமைன் என்ற பொருளாக மாறுகிறது. அப்பொருள் சிவப்பணுவுக்குள் நுழைந்து, ஹீமோகுளோபின் சுமந்திருக்கும் ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து, இரும்பை ஃபெரிக்காக்கித் தானும் நைட்ரோசோபென்சீனாகிறது. சிவப்பணுவோ அந்த நைட்ரோசோபென்சீனை மறுபடியும் பழைய நச்சாகவே மாற்றிவிடுகிறது. ஆகவே ஒரே மூலக்கூறு சுற்றிச்சுற்றி வந்து பல ஹீமோகுளோபின்களைக் கெடுக்கும். இந்த மாற்றங்களுக்கு நேரம் பிடிப்பதால், ரசாயனம் பட்டவர் முதல் சில மணி நேரம் தெம்பாகவே நடமாடக்கூடும். அதை நம்பி அவரை வேலைக்குத் திருப்பி அனுப்புவது பெருந்தவறு.

இன்னொரு தீங்கும் உண்டு. நான்கில் ஓர் இரும்பு கெட்டாலும், எஞ்சிய மூன்றும் தாம் பிடித்த ஆக்ஸிஜனைக் கஞ்சன் கைக்காசு போல இறுகப் பற்றிக்கொள்கின்றன. அதனால்தான் 30 விழுக்காடு மெத்ஹீமோகுளோபின் உள்ளவரின் நிலை, 30 விழுக்காடு ரத்தம் குறைந்தவரின் நிலையைவிட மோசமாக இருக்கிறது. பொதுவாக 10 முதல் 15 விழுக்காட்டில் தோல் நீலம் பாரிக்கும். 20க்கு மேல் தலைவலியும் களைப்பும் வரும். 50ஐத் தாண்டினால் நினைவு தடுமாறும். 70ஐ எட்டினால் பெரும்பாலும் உயிருக்கே ஆபத்து. எடுத்த ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும். காற்றுப் பட்டாலும் சிவக்காது.

ஆக்ஸிமீட்டரைப் பற்றி வகுப்பில் சொன்னதும் சரியே. 2021ஆம் ஆண்டு சிங்கப்பூரில் வீட்டுக்கு வீடு இலவசமாக வழங்கப்பட்ட அந்தச் சிறு கருவி, சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் எந்த அளவு உறிஞ்சப்படுகின்றன என்பதை ஒப்பிட்டே ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை விழுக்காடு என்று கணக்கிடுகிறது. மெத்ஹீமோகுளோபின் இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில் உறிஞ்சுவதால், உண்மை நிலை எவ்வளவு கீழே போனாலும் கருவி 85 என்ற எண்ணை ஒட்டியே நின்றுவிடும். மருத்துவமனையில் உள்ள கோ-ஆக்ஸிமீட்டர்தான் சரியாகப் பிரித்துக் காட்டும்.

உடையையும் காலணியையும் உடனே கழற்றிவிட்டுச் சோப்பும் தண்ணீருமாக நன்கு கழுவுங்கள், ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள், ரசாயனத்தின் பாதுகாப்புத் தரவுத் தாளை உடன் அனுப்புங்கள். மருத்துவர்கள் ஆக்ஸிஜனோடு, தேவைப்பட்டால் மெத்திலீன் நீலம் என்ற மருந்தை உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வீதம் ரத்தநாளத்தின் வழியே மெதுவாகச் செலுத்துவர். அது ஃபெரிக் இரும்புக்கு எலக்ட்ரானைக் கொண்டுசேர்க்கிறது. அளவு மிகுந்தால் அதே மருந்தே மெத்ஹீமோகுளோபினை உண்டாக்கும்.

கேள்வி: அப்படியானால் இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக்கீரையும் இதற்கு உதவுமா?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: உதவா. ரத்தசோகையில் இரும்பு போதவில்லை. இங்கே இரும்பு போதிய அளவு இருக்கிறது, அதன் நிலைதான் மாறியிருக்கிறது. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் அளவு சரியாகவே தெரியக்கூடும்.

கேள்வி: என் பேரனுக்கு ஜி6பிடி குறைபாடு என்று பிறந்தபோதே சொன்னார்கள். அலமாரியில் பாச்சை உருண்டை வைக்கக் கூடாதாம். காலங்காலமாகப் பட்டுப்புடவைக்கு வைப்பதுதானே?
- வாசகி, தெம்பனிஸ்

பதில்: தயவுசெய்து எடுத்துவிடுங்கள். சிங்கப்பூரில் 1965 முதல் பிறந்த குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் இந்தச் சோதனையைச் செய்துவருவது வீண் சடங்கன்று. ஆக்ஸிஜனேற்றத்தால் வரும் சேதத்தைத் தாங்கச் சிவப்பணுவுக்கு என்ஏடிபிஹெச் என்னும் பொருள் தேவை. அதை உண்டாக்கும் வழியின் முதல் நொதிதான் ஜி6பிடி. பழைய வகைப் பாச்சை உருண்டையில் உள்ள நாப்தலீன், உடலுக்குள் சென்றதும் ஆக்ஸிஜனேற்றத்தைத் தூண்டும் பொருள்களாக மாறுகிறது. குறைபாடுள்ள சிவப்பணு அதைத் தாங்காமல் உடைந்துவிடும்; அதிலிருந்து பெருகும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி மூளையில் படிந்தால், பச்சிளங்குழந்தைக்கு நிரந்தரப் பாதிப்பு ஏற்படலாம்.

உருண்டையை எடுத்தால் மட்டும் போதாது. அதன் வாடை ஏறிய தொட்டில் துணி, போர்வை, குழந்தையை ஏந்தும் பாட்டியின் புடவை ஆகிய அனைத்தையும் துவைத்து, வாடை போகும்வரை வெயிலில் உலர்த்துங்கள். நாப்தலீன் எண்ணெயில் கரையும் என்பதால், எண்ணெய் தேய்த்த குழந்தையை அத்தகைய துணியில் சுற்றுவது மிகவும் கேடு.

மெத்திலீன் நீலம் செயல்படுவதற்கும் அதே என்ஏடிபிஹெச் வேண்டும். எனவே இக்குறைபாடு உள்ளவருக்கு அம்மருந்து பலிக்காமல் போவதோடு, சிவப்பணுக்களை உடைக்கவும் கூடும். பேரன் வளர்ந்த பிறகும் எந்த மருத்துவரிடம் சென்றாலும் இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஹுவாங் லியன் முதலான சில சீன மூலிகைகளும் ஃபாவா பீன்ஸும் விலக்கத் தக்கவை. நம் வீட்டு அவரைக்காய் வேறு இனம் என்பதால், ஃபாவா பீன்ஸுக்கான விலக்கு அதற்குப் பொருந்தாது.