ஆகஸ்ட் 1-க்கு முன்னால் கணக்கைப் பாருங்கள்: கடலோரப் பெற்றோர் கேள்வி - பதில்

ராமநாதபுரம் மாவட்டத்தின் கரையோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்று ஆசிரியர்கள் இருந்தார்கள். பணிநிரவல் என்று ஒருவரை வேறு ஒன்றியத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஐந்து வகுப்புக்கு இப்போது இரண்டே பேர். பிள்ளைகள் என்னவோ போன வருடம் போலத்தான் வருகிறார்கள். இது எப்படி? (பாம்பன் வாசகி)

வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை வைத்து ஆசிரியர் பணியிடம் கணக்கிடப்படுவதில்லை. ஆகஸ்ட் 1-ஆம் தேதி பதிவில் இருக்கும் எண்ணிக்கைதான் கணக்கு. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை இப்படித்தான் சொல்கிறது. 61 இருந்த பள்ளியில் ஒரு பிள்ளை குறைந்தால் ஒரு ஆசிரியர் உபரி ஆகிவிடுவார். பிறகு அக்டோபரில் பத்துப் பிள்ளைகள் சேர்ந்தாலும் போன பணியிடம் அந்த ஆண்டு திரும்பி வருவது அரிது.

கடலிலிருந்து தள்ளி இருக்கும் ஊர்ப் பள்ளிகளை விடக் கடலோரப் பள்ளிகளுக்கு இதில் அடி அதிகம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிகிறது. தொழில் தேடி வெளியூர் போன குடும்பம், பாசி எடுக்கவோ கரைவலைக்கோ ஊர் மாறிய குடும்பம், சொந்தக்காரர் வீட்டில் விட்டுவைத்த பிள்ளை எல்லாம் பள்ளி திறந்த அன்றே வந்து சேர்வதில்லை. வந்த பிறகும் ஒரு சிக்கல் இருக்கிறது. பிள்ளையின் பெயர் பழைய பள்ளியின் எமிஸ் (கல்வித் துறையின் இணையவழி மாணவர் பட்டியல்) பதிவிலேயே கிடக்கும். பழைய பள்ளி அதைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி தன் கணக்கில் ஏற்ற முடியும். அதுவரை பிள்ளை வகுப்பில் இருக்கும், சத்துணவு சாப்பிடும், வருகைப் பதிவேட்டில் பென்சிலால் எழுதிய பெயரும் இருக்கும்; எமிஸ் எண்ணிக்கையில் மட்டும் இருக்காது.

ஆகவே ஜூலை மூன்றாம் வாரத்தில் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் இரண்டு பேராவது பள்ளிக்குப் போய், வருகைப் பதிவேட்டையும் எமிஸ் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பதிவேட்டில் 63, எமிஸில் 59 என்றால் அந்த நான்கு பேரும் யார், எந்தப் பள்ளியில் மாட்டியிருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய பள்ளித் தலைமை ஆசிரியரிடம் பெற்றோரே நேரில் போய்க் கேட்டால் பெரும்பாலும் ஒரே நாளில் முடிகிற வேலைதான் இது. இழுத்தடித்தால் உங்கள் தலைமை ஆசிரியர் மூலம் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். இதைத் தலைமை ஆசிரியரின் தலையில் மட்டும் போட்டுவிடக் கூடாது. இரண்டு ஆசிரியர் பள்ளியில் அவரும் வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பார்.

பணியிடம் போன பிறகு கிடைக்கக்கூடியது மாற்றுப்பணியில், அதாவது வேறு பள்ளியிலிருந்து தற்காலிகமாக வரும் ஒரு ஆசிரியர், அவ்வளவுதான். மேலாண்மைக் குழுத் தீர்மானத்துடன் வட்டாரக் கல்வி அலுவலரிடம் கேளுங்கள். தீர்மானத்தில் "ஆசிரியர் பற்றாக்குறை" என்று பொதுவாக எழுதினால் கோப்பில் தூங்கும். எந்தெந்த வகுப்பு சேர்த்து நடத்தப்படுகிறது, இன்றைய எண்ணிக்கை எவ்வளவு, ஆகஸ்ட் 1-இல் எவ்வளவு காட்டப்பட்டது என்று மூன்றையும் எழுதுங்கள்.

வகுப்பறைக் கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. இரண்டு முறை சிமெண்ட் பூசினார்கள், மழை முடிந்ததும் மறுபடி விழுகிறது. யாரிடம் சொல்வது? (மூக்கையூர் வாசகர்)

முதலில் செய்ய வேண்டியது, அந்த அறையைப் பூட்டி வகுப்பை வேறு இடத்துக்கு மாற்றுவது. அதற்குத் தலைமை ஆசிரியர் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து மாணவர்கள் உயிரிழந்த பிறகு, பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்க அரசே ஆணையிட்டது. அதனால் "இடிக்கச் சொன்னால் பிரச்சினை வரும்" என்ற பயம் வேண்டாம்.

சிமெண்ட் பூச்சு ஏன் நிற்பதில்லை? கடற்காற்றின் உப்பு காரைக்குள் ஊறிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. உவர் ஊற்றுத் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் உப்பு கட்டும்போதே உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். துரு, இரும்பு இருந்த இடத்தைப் போல 2 முதல் 6 மடங்கு வரை இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் காரை பிளந்து விழுகிறது. துருவை உள்ளே விட்டுவிட்டு மேலே பூசினால் அது தன் வேலையைத் தொடரும். சரியான பழுதுபார்ப்பு என்றால் கம்பிக்குப் பின்புறமும் விரல் நுழையும் அளவுக்குக் கான்கிரீட்டைக் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியை இரும்புத் தூரிகையால் வெள்ளை தெரியத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் மூட வேண்டும். கம்பி கால்வாசிக்கு மேல் அரித்துப்போயிருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி கட்டாமல் மூடக் கூடாது.

விழாத இடத்தையும் பாருங்கள். கம்பி போகும் வழியில் நேர்கோடாக விரிசல், பழுப்புக் கறை, கம்பால் தட்டினால் உள்ளே காலியானது போன்ற சத்தம், இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அடுத்து விழப்போவது அதுதான். விழாவுக்கு முந்தைய நாள் வெள்ளையடித்து இந்தக் கறையை மறைப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். வெள்ளையடிக்கும் முன் படம் எடுத்துவையுங்கள்.

யாரிடம் என்பது பள்ளியைப் பொறுத்தது. தொடக்க, நடுநிலைப் பள்ளி ஊராட்சி ஒன்றியத்துக்குச் சொந்தம் என்றால் மனு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு. ஒன்றியப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலர் வழியாகப் பொதுப்பணித் துறைக்கு. இந்த இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டு, "உரிய துறைக்கு அனுப்பப்பட்டது" என்ற பதிலோடு ஆறு மாதம் போக்கியவர்கள் உண்டு. மனுவின் நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். ஆகஸ்ட் 15 அல்லது அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாகவும் ஏற்றுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும் என்பதால் ஆகஸ்டே நல்லது. கட்டட உறுதித்தன்மை அறிக்கையின் நகலை 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

மகள் ஒன்றியப் பள்ளியில் ஐந்தாவது முடிக்கிறாள். ஆறாவதுக்கு நடந்து போகும் தூரத்தில் அரசு உதவி பெறும் பள்ளி இருக்கிறது. அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் பஸ்ஸில் போக வேண்டும். உதவி பெறும் பள்ளியில் சேர்த்தால் சலுகைகள் போய்விடுமா? (தங்கச்சிமடம் வாசகி)

ஒன்று போகும், ஒன்று போகாது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் வந்தது. இதற்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். ஒன்றிய, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் அரசுப் பள்ளிதான். உதவி பெறும் பள்ளி இதில் சேராது. ஆறு, ஏழு, எட்டு மட்டும் அங்கே படித்துவிட்டு ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு வந்தாலும் சேராது. பல பெற்றோருக்கு இது பிளஸ் டூ முடித்து விண்ணப்பிக்கும்போதுதான் தெரிகிறது.

கல்லூரி போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. அதே பள்ளியில் ஆங்கில வழிப் பிரிவில் சேர்த்தால் அது கிடைக்காது. சேர்க்கைப் படிவத்தில் எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எங்கள் கருத்து இது. பஸ் நேரத்துக்கு வருகிறது, கூடப் போக ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் அரசுப் பள்ளி. மாலை கடைசிப் பஸ்ஸை நம்பிப் பத்து வயதுப் பிள்ளை ரோட்டில் நிற்க வேண்டும் என்றால், ஏழு வருடம் கழித்து வரக்கூடிய ஒதுக்கீட்டுக்காக அந்தச் சிரமம் தேவையில்லை.

தனியார் பள்ளியில் ஃபீஸ் பாக்கி. டி.சி. தர மறுக்கிறார்கள். பையன் மூன்று வாரமாக வீட்டில் இருக்கிறான். (கீழக்கரை வாசகர்)

டி.சி. இல்லாமலே நாளைக்கே அரசுப் பள்ளியில் சேர்க்கலாம். எட்டாம் வகுப்பு வரை டி.சி. தாமதம் என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் 5-ஆவது பிரிவு சொல்கிறது. டி.சி. என்பது பாக்கி வசூலிக்கும் கருவி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024-இல் கூறியிருக்கிறது. ஆதார் நகல், பிறப்புச் சான்று, பழைய பள்ளியின் மதிப்பெண் அட்டை ஏதாவது ஒன்று எடுத்துப் போங்கள். எமிஸ் எண் அதில் இருந்தால் வேலை சுலபம். சேர்க்க மறுத்தால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்குப் பேசுங்கள். பாக்கி ரத்தாகிவிடாது, அந்தக் கணக்கு தனி.

பள்ளித் தொட்டித் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, வயிற்றுப்போக்கும் வருகிறது. ப்ளீச்சிங் பவுடர் போட்டால் சரியாகுமா? (தேவிபட்டினம் வாசகி)

வயிற்றுப்போக்குக்கு ஆகும், உப்புக்கு ஆகாது. காய்ச்சினாலும் உப்பு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் கூட்டுக் குடிநீர், கழிவறைக்கும் கை கழுவவும் ஊற்றுத் தண்ணீர் என்று தொட்டியையும் குழாயையும் பிரிப்பதுதான் வழி. இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டுக் கலப்பதுதான் பல பள்ளிகளில் நடக்கும் தவறு.

அளவு: 1,000 லிட்டருக்கு 4 கிராம், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டாதீர்கள். வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துக் குழாயைத் திறக்க வேண்டும். கடற்கரை ஈரக்காற்றில் திறந்து வைத்த பவுடர் சீக்கிரம் வீரியம் இழக்கும். மூக்கைத் துளைக்கும் நெடி இல்லாவிட்டால் அதைப் போட்டும் பயனில்லை. ஆர்.ஓ. இயந்திரம் நன்கொடையாக வந்தால், வாங்கும் முன்பே அதன் சவ்வை மாற்றும் செலவை யார் ஏற்பது என்று கேளுங்கள். உவர் நீரில் சவ்வு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

இலங்கையிலிருந்து வந்த உறவினர் பிள்ளையிடம் எந்தப் பள்ளிச் சான்றும் இல்லை. வயது ஒன்பது. முதல் வகுப்பிலா சேர்ப்பார்கள்? (மண்டபம் வாசகர்)

இல்லை, வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். ஒன்பது முடிந்திருந்தால் நான்காம் அல்லது ஐந்தாம் வகுப்பு. விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி கேட்டு வாங்கும் உரிமையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவில் இருக்கிறது. பிறந்த தேதிக்குச் சான்று இல்லையென்றாலும் சேர்க்கையை மறுக்க முடியாது. ஆனால் இப்போது பெற்றோர் சொல்லி எழுதும் தேதிதான் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை போகும், யோசித்துச் சொல்லுங்கள்.

வியாழக்கிழமை இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டுப் பிள்ளை வாந்தி எடுக்கிறாள். நிறுத்தச் சொல்லலாமா? (தொண்டி வாசகி)

வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும். மதிய உணவுக்குப் பிறகு கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் அதோடு டீ கொடுக்காதீர்கள், சத்து உடம்பில் சேராது. மலம் கறுப்பாகப் போவது இயல்பு. சாப்பாட்டுக்குப் பிறகும் வாந்தி நிற்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். காய்ச்சல் இருக்கும் வாரம் மாத்திரை வேண்டாம் என்று வகுப்பு ஆசிரியரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.