தொண்ணூறில் ஆரம்பிக்கும் உதறல்: ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் கேள்வி பதில்

ஹைவேயில் மட்டும் வரும் உதறல் பற்றி இந்தத் தடவை நிறையக் கேள்விகள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: டபுள் கேப் 4x4, மேனுவல் கியர். 85 கிலோமீட்டர் வேகத்தில் ஆரம்பித்து 95 வரை சீட்டும் தரையும் உதறுகின்றன. ஸ்டியரிங் ஆடவில்லை. நான்கு டயரும் புதிது. வீல் பேலன்ஸிங் மூன்று தடவை, அலைன்மென்ட் இரண்டு தடவை பார்த்தாயிற்று. அடுத்து எதை மாற்றுவது சார்?

எதையும் மாற்றாதீர்கள். அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் கோணலாகத் தேயும். தரை உதறுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் காசு போனது போகட்டும்.

காலியான நல்ல ரோட்டில், உதறல் வரும் அதே வேகத்தில் ஐந்தாவது கியரில் ஒரு தடவை, நான்காவதில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். அப்புறம் நியூட்ரலில் போட்டு வண்டியைத் தானாக ஓடவிடுங்கள். எஞ்சினை மட்டும் அணைத்துவிடாதீர்கள். ஸ்டியரிங்கும் பிரேக்கும் கல்லாகிவிடும். மூன்றிலும் உதறல் மாறாமல் இருந்தால் எஞ்சின், கிளட்ச் பக்கமே போக வேண்டாம். சக்கரம், ஆக்ஸில், புரொப்பல்லர் ஷாஃப்ட் (எஞ்சின் சக்தியை ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் நீளக் குழாய்) என்று வண்டியின் வேகத்தோடு சுற்றும் ஏதோ ஒன்றுதான் காரணம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடி, காலை எடுத்தால் குறைந்தால் கிராஸ் (ஷாஃப்ட் முனையில் மடங்கும் மூட்டு), ஷாஃப்ட் கோணம், பினியன் பேரிங் (ஷாஃப்ட் ஆக்ஸிலோடு சேரும் இடத்துப் பேரிங்) ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம்.

சக்கரமா ஷாஃப்டா என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 245/70 ஆர்16 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.3 மீட்டர் போகும். 90 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 25 மீட்டர். ஆக, சக்கரம் நொடிக்கு 11 சுற்று. கிரவுன் பினியன் விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று என்பது) 4.1 என்றால் ஷாஃப்ட் நொடிக்கு 45 சுற்று. சக்கரத்தின் உதறலில் வண்டி குலுங்குவது தெரியும். ஷாஃப்டின் உதறல் ரீங்காரம் மாதிரி. உள்ளங்கால் மரத்துப்போகும், உள் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி மங்கலாகும். அதிர்வை அளக்கும் இலவச ஆப் ஒன்றைப் போனில் போட்டு, சீட் நடுவில் தரையில் வைத்து, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். 11 ஹெர்ட்ஸா, 45-ஆ என்று அதுவே காட்டும். 90 பக்கம் வந்தால் கோணத் தகராறு. கிராஸ் ஜாயிண்ட் சாய்வாக ஓடும்போது ஒரு சுற்றில் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும், அதனால்தான் இரண்டு மடங்கு.

(அவரே மறுபடி:) 44, 45 காட்டுகிறது. இரண்டு ஷாஃப்ட் இருக்கிறதே, முன்னதா பின்னதா?

பார்ட் டைம் 4x4 (வேண்டும்போது மட்டும் முன் சக்கரங்களையும் சேர்ப்பது) என்றால் வழி சுலபம். முன் ஷாஃப்டைக் கழற்றி வண்டியிலேயே ஓரமாகப் போட்டுக்கொண்டு, 2எச்-இல் (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) அதே ரோட்டில் ஓட்டுங்கள். கழற்றும் முன் ஃபிளேஞ்சிலும் (ஷாஃப்ட் முனையைப் போல்ட் போட்டு மாட்டும் தட்டு) ஷாஃப்டிலும் பெயின்ட்டால் கோடு போடுவது கட்டாயம். உதறல் போய்விட்டால் குற்றவாளி கையில் இருக்கிறது. போகவில்லையென்றால் பின் ஷாஃப்ட். (ஃபுல் டைம் 4x4, அதாவது எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் இப்படிச் செய்யாதீர்கள். முன் பின் ஆக்ஸில்களுக்கு இழுவையைப் பிரிக்கும் சென்டர் டிஃபரன்ஷியலை லாக் செய்யாவிட்டால் வண்டி நகரவே நகராது.)

நீளமான பிக்கப்பில் பின் ஷாஃப்ட் பெரும்பாலும் இரண்டு துண்டு, நடுவில் சென்டர் பேரிங். அதைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்திருக்கிறதா, ஷாஃப்டைக் கையால் தூக்கினால் தொளதொளவென்று ஏறுகிறதா என்று பாருங்கள். கிராஸின் இருபுறமும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். துளி ஆட்டம் தெரிந்தாலும், கப் ஓரத்தில் செம்பழுப்புத் தூள் இருந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது. குழாயில் கல் அடித்த நெளிசலையும் தேடுங்கள். சர்வீஸில் அண்டர்பாடி கோட்டிங் அடிக்கும்போது ஷாஃப்ட் மேலும் சேர்த்து அடித்துவிடுவார்கள். ஒரு பக்கம் கெட்டியாகப் படிந்த தாரே பேலன்ஸைக் கெடுக்கப் போதும்.

கேள்வி: கிராஸ் இரண்டும் மாற்றினோம். முன்பு லேசாக இருந்தது இப்போது தாங்க முடியவில்லை. மட்டமான பார்ட்ஸா அண்ணா?

பார்ட்ஸைத் திட்டுவதற்கு முன் கீழே படுத்து ஷாஃப்டைப் பாருங்கள். ஸ்லிப் ஜாயிண்டின் (ஷாஃப்ட் நீண்டு சுருங்கும் இடம்) இரு பக்கமும் உள்ள யோக்குகள் (கிராஸைப் பிடிக்கும் கவைகள்) பெரும்பாலான ஷாஃப்டில் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஒரு கிராஸ் கூட்டும் வேகத்தை மறு கிராஸ் குறைத்துச் சமன் செய்வது அப்போதுதான். கோடு போடாமல் கழற்றி, ஸ்ப்லைனில் (ஸ்லிப் ஜாயிண்டின் பல்வரிசை) ஒரே ஒரு பல் தள்ளி மாட்டினாலும் சமன் போச்சு.

என் வண்டியிலும் இதே கதை நடந்தது. ஒரு பட்டறையில் கிரீஸ் வைக்கக் கழற்றி மாட்டினார்கள். வீடு வருவதற்குள் டேஷ்போர்டே கழன்றுவிடும் போலிருந்தது. கியர்பாக்ஸ் மவுன்ட் போய்விட்டது என்று சொல்லி அதையும் மாற்றினார்கள். நானும் தலையாட்டினேன். இரண்டு வாரம் கழித்து, ஷாஃப்டில் பழைய தொழிற்சாலை அம்புக்குறிகள் எதிரெதிரே இல்லாததைக் கவனித்தேன். கழற்றிப் பல் மாற்றி மாட்டினேன், அரை மணி நேர வேலை.

அம்பு சரியாக இருந்தால், கிராஸ் கப் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா, கப்பை வெளியே வராமல் பிடிக்கும் லாக் இரண்டும் பள்ளத்தில் முழுதாக இறங்கியிருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: வண்டியை உயர்த்த இரண்டு இன்ச் லிஃப்ட் போட்ட பிறகு 80-க்கு மேல் ரீங்காரம். பின்னால் சிமென்ட் மூட்டை ஏற்றினால் நின்றுவிடுகிறது!

பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். பாரம் ஏறினால் லீஃப் பட்டை இறங்கும், ஷாஃப்ட் கோணம் பழைய நிலைக்கு வரும். அப்படியானால் கோணம்தான் கோளாறு.

சமதரையில் நிறுத்தி, டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸிலிருந்து முன் பின் ஷாஃப்டுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) ஃபிளேஞ்ச், ஷாஃப்ட், பினியன் ஃபிளேஞ்ச் மூன்றின் சாய்வையும் போனிலேயே அளக்கலாம். ஒற்றைத் துண்டு ஷாஃப்டில் இரண்டு ஃபிளேஞ்சும் ஏறத்தாழ இணையாக இருக்க வேண்டும், ஒரு டிகிரி முன்பின் இருக்கலாம். ஜாயிண்டின் கோணம் 3 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைத்துப் பினியனைத் திருப்புவார்கள். அலுமினிய ஆப்பு மலிவு, பாரம் ஏற்றும் வண்டியில் வெடித்துவிடும், வேண்டாம். இரண்டு துண்டு ஷாஃப்டாக இருந்தால் சென்டர் பேரிங் பிராக்கெட்டைச் சற்று இறக்கினாலே பலருக்குச் சரியாகிவிடுகிறது. கோணத்தைச் சுத்தமாகப் பூஜ்யமாக்கவும் கூடாது. கிராஸுக்குள் இருக்கும் ஊசி ரோலர்கள் கொஞ்சமாவது அசைய வேண்டும். ஒரே இடத்தில் நின்று தாங்கினால் குழி விழும்.

கேள்வி: காட்டுப் பாதையில் போய் வந்ததிலிருந்து ஸ்டியரிங் உதறுகிறது.

ரிம்முக்கு உள்பக்கம் காய்ந்த சேறு. சுரண்டிக் கழுவிவிட்டு ஓட்டுங்கள்.

கேள்வி: ஷாஃப்ட் பேலன்ஸிங் மெஷின் எங்கள் ஊரில் இல்லை. வேறு வழி?

ரேடியேட்டர் ஹோஸுக்குப் போடும் ஸ்டீல் கிளிப் இரண்டு வாங்குங்கள். ஷாஃப்டின் டிஃபரன்ஷியல் பக்க முனையைச் சுற்றி நான்கு இடம் குறித்து, ஒரு கிளிப்பின் திருகுத் தலையை முதல் இடத்தில் வைத்து இறுக்கி ஓட்டுங்கள். அப்புறம் இரண்டு, மூன்று, நான்கு. எங்கே உதறல் குறைகிறதோ அங்கே விடுங்கள். இன்னும் வேண்டுமென்றால் இரண்டாவது கிளிப்பை அதே இடத்தில் சேருங்கள். அதிகமாகிவிட்டால் இரண்டு தலைகளையும் சற்றே விலக்குங்கள். கிளிப் எதிலும் உரசாமல் இருக்க வேண்டும். தேய்ந்த கிராஸோடு இதைச் செய்தால் வெறும் பொழுதுபோக்கு.

கேள்வி: 4எச் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டால் உதறல் குறைகிறது. ஹைவேயில் அப்படியே ஓட்டலாமா அண்ணா?

கூடவே கூடாது. காய்ந்த தாரில் பார்ட் டைம் 4எச் போட்டால் முன் பின் ஆக்ஸில்கள் ஒன்றையொன்று முறுக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ் செலவோடு ஒப்பிட்டால் கிராஸ் விலை ஒன்றுமில்லை. ஆனால் நல்ல தடயம்: பின் ஷாஃப்டின் மேல் வரும் இழுவை பாதியானதும் உதறல் குறைகிறது. பின் பக்கக் கிராஸிலிருந்து ஆரம்பியுங்கள்.

கேள்வி: பிரேக் பிடிக்கும்போது மட்டும்?

டிஸ்க் அல்லது டிரம். இங்கே பேசுவது வேறு.

(முதல் கேள்விக்காரர்:) சென்டர் பேரிங் ரப்பர் கிழிந்திருந்தது சார். மாற்றியதும் முக்கால்வாசி போய்விட்டது. 95-இல் மட்டும் இன்னும் லேசாக இருக்கிறது.

பழைய பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் வாஷரோ தகடோ இருந்ததா? பட்டறையில் கேளுங்கள். கோணத்துக்காக வைத்த அதை ஏதோ பழைய குப்பை என்று நினைத்து ஒதுக்கி வைத்திருப்பார்கள். அதைத் திரும்பப் போட்டு, வண்டி சக்கரத்தில் நிற்கும்போதே பிராக்கெட் போல்ட்டை இறுக்குங்கள். ஜாக்கியில் ஆக்ஸில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே உட்காரும்.