மூன்று மாதம் கடந்த ஒலிபரப்பை என்ன செய்வது?

கேள்வி: கடைமடையில் ஒரு சிறு ஊரின் சமூக வானொலியில் 2009 முதல் வேலை பார்க்கிறேன். நிலையத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றப் போகிறோம். பீரோவில் 180 கேசட், 300 சி.டி., ஓடாத கம்ப்யூட்டர் ஒன்று, ஒலிபரப்புப் பதிவேடுகள், ஒரு மூட்டை நேயர் கடிதம் இருக்கின்றன. போன மழையில் கீழ்த்தட்டு நனைந்துவிட்டது. "மூன்று மாதம் வைத்திருந்தால் போதும் என்பதுதானே விதி, மிச்சத்தைக் கழித்துவிடலாம்" என்கிறார் நிர்வாகி. எதை வைப்பது, எப்படிக் காப்பது? யூடியூபில் போடலாமா?

பதில்: நிர்வாகி விதியைச் சரியாகத்தான் சொல்கிறார், அர்த்தத்தைத்தான் மாற்றிக்கொண்டார். ஒலிபரப்பிய நாளிலிருந்து மூன்று மாதம் வரை நிகழ்ச்சியை வைத்திருக்க வேண்டும் என்பது அரசு கேட்டால் எடுத்துக் கொடுப்பதற்காக. அதற்குமேல் வைத்திருக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. சமூக வானொலி நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்பில் உருவாக வேண்டும் என்பதும் அதே நெறிமுறைதான். அப்படி உருவான குரல்கள் உங்கள் பீரோவைத் தவிர வேறெங்கும் இருக்காது.

சரி, எதிலிருந்து தொடங்குவது? எல்லோரும் கேசட்டைத்தான் முதலில் தூக்குவார்கள். நீங்கள் பதிவேட்டைத் தூக்குங்கள். பேசியவர் யார், எந்த ஊர், என்றைக்கு என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. கேசட் உறையில் 'நடவுப் பாட்டு 2' என்று மட்டும் எழுதியிருந்தால், பத்து வருடம் கழித்து அது யாருடையதோ ஒரு பாட்டு. நனைந்த நோட்டுகளை வெயிலில் போடாதீர்கள், தாள் சுருண்டு முறுக்கிக்கொள்ளும். மின்விசிறிக் காற்றில் நிற்க வைத்து, பக்கங்களுக்கு நடுவே வெள்ளைத்தாள் செருகுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பக்கத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். காய்ந்ததும் பக்கம் பக்கமாக மொபைலில் படம் எடுங்கள். லேமினேஷன் கூடவே கூடாது. கடித மூட்டைக்கும் இதே வைத்தியம்தான், ரப்பர் பேண்டையும் துருப்பிடித்த பின்னையும் மட்டும் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது அந்த ஓடாத கம்ப்யூட்டர். பெரும்பாலும் போயிருப்பது பவர் சப்ளையாகவோ மதர்போர்டாகவோ இருக்கும், ஹார்டு டிஸ்க் நன்றாகவே இருக்கலாம். அதைக் கழற்றி யூ.எஸ்.பி. அடாப்டரில் மாட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு, தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். "ஃபார்மட் போட்டுத் தருகிறேன்" என்று சொல்லும் கடையில் மட்டும் விட்டுவிட்டு வராதீர்கள். உள்ளே பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த நிகழ்ச்சிப் பட்டியல்கள் இருந்தால், எந்தக் கம்ப்யூட்டரிலும் படிக்க வரும் யூனிகோடுக்கு அப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சி.டி. கேசட்டுக்கு முன்னால் இதுவா என்று தோன்றும். கேசட் வயதானவரைப் போலக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளரும், இரைச்சலோடாவது பேசும். நாமே எழுதிய சி.டி. ஒரு நாள் சட்டென்று வாயை மூடிக்கொள்ளும். அதில் தகவல் நிற்பது ஒரு சாயப் படலத்தில், அதற்கு வெப்பமும் வெளிச்சமும் ஆகாது. மேலே ஒட்டிய லேபிளை உரிக்காதீர்கள், பிரதிபலிக்கும் படலம் அதற்கு நேர் கீழேதான் இருக்கிறது, சேர்ந்து வந்துவிடும். துடைக்கும்போது வட்டமாகத் தேய்க்காமல் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். ஒரு டிரைவில் படிக்காதது இன்னொன்றில் படிக்கும், அதனால் பழைய டிரைவ் ஒன்றைத் தேடி வையுங்கள்.

கேசட்டுக்கு வருவோம். கண்ணாடி வழியாகப் பாருங்கள், நாடாவின் ஓரத்தில் மாவு தூவியது போல வெண்மை தெரிகிறதா? பூஞ்சை. அதை டெக்கில், அதாவது கேசட் பிளேயரில், போடவே கூடாது. நான் ஆரம்பத்தில் அவசரப்பட்டுப் போட்டு, ஒரு கேசட்டின் பூஞ்சையை அடுத்த மூன்றுக்கும் ஏற்றிவிட்டேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு, மூலையிலும் நடுவிலுமாக இருக்கும் ஐந்து திருகாணிகளைக் கழற்றுங்கள். நாடாவுக்கு முன்னால் சின்னதாக ஒரு கம்பளித் துணுக்கு இருக்கும். அது நாடாவை டெக்கின் ஹெட்டோடு, அதாவது ஒலியைப் படிக்கும் முனையோடு, அழுத்திப் பிடிக்க வேண்டிய பஞ்சு. விழுந்திருந்தால் சத்தம் மங்கும். இரண்டு உருளைகளையும் அப்படியே எடுத்து, காய்ந்தபின் மென்மையான தூரிகையால் பூஞ்சையைத் துடைத்து, புதுக் கூட்டுக்கு மாற்றுங்கள். திருகாணி இல்லாத, ஒட்டிய கேசட் என்றால் கூட்டை விளிம்பில் பிளக்க வேண்டும், அதைப் பழகிய கையிடம் விடுங்கள். ஈரம் இழுக்கட்டும் என்று அரிசி டிரம்முக்குள் போட வேண்டாம், தவிட்டுத் தூசி போய் அப்பிக்கொள்ளும். சிலிகா ஜெல் போதும். இந்த வேலையையே தையிலிருந்து வைகாசிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம்மூர்க் காற்றில் எதுவும் காயாது.

ஓடவிடுமுன் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, அதன் பக்கத்திலுள்ள சின்ன ஸ்க்ரூவை மெல்லத் திருப்பி, 'ச', 'ஸ' ஒலிகள் எங்கே கூர்மையாகக் கேட்கின்றனவோ அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் இது மாறும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜி.பி. ஆகும். எல்லாமே 60 நிமிடக் கேசட் என்றால் 180-ம் சேர்ந்து 200 ஜி.பி.க்குள் அடங்கும். தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று மாதம்.

மூலப் பிரதியில் இரைச்சல் நீக்காதீர்கள். வயலோரம் எடுத்த பேட்டியில் பின்னால் தவளை கத்தும், பம்புசெட் ஓடும். அதைக் கழித்துவிட்டால் மழையும் பருவமும் சேர்ந்து போய்விடும். சுத்தம் செய்த பிரதி வேண்டுமென்றால் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எதைக் கழிக்கலாம்? சினிமாப் பாட்டு ஓடிய பகுதியைத் தாராளமாகக் கழிக்கலாம், ஆனால் நேயர்களின் ஊர், பேர் வாசித்த பகுதியை வையுங்கள். 'பழைய விவசாயக் குறிப்புதானே' என்று மட்டும் கை வைக்காதீர்கள். 1960களில் ஆடுதுறையிலிருந்து வந்த ஏ.டி.டி.-27 ரகத்தைத் தஞ்சாவூர் விவசாயிகள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள், திருச்சி வானொலியில் கேட்டு விதைத்தது என்பதால். மேட்டூர் திறப்பு, குறுவை, பூச்சித் தாக்குதல் பற்றி உங்கள் நிலையம் தினமும் சொன்னதும் அந்த வகைதான். 2018 நவம்பரில் கஜா புயலை ஒட்டி எது இருந்தாலும் முதல் வரிசையில் வையுங்கள்.

கஜா என்றதும் இன்னொன்று. மூன்று பிரதி எடுங்கள், அதில் ஒன்று உங்கள் ஊரில் இருக்கக் கூடாது. திருச்சியில் உறவினர் வீட்டு அலமாரியானாலும் சரி.

யூடியூபுக்கு வருகிறேன். ஒலிபரப்பின் மீது நிலையத்துக்கு 25 ஆண்டு உரிமை உண்டு. ஆனால் பாடியவருக்கும் நிகழ்த்துநர் என்ற வகையில் 50 ஆண்டு உரிமை உண்டு. சினிமாப் பாட்டின் ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு, அதனால் அதை ஏற்றவே வேண்டாம். பேட்டி கொடுத்தவர்களிடம் ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். ஒப்பாரி இருந்தால் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்த வீட்டில் கேட்காமல் போடாதீர்கள். கேட்கப் போகும்போது பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்துப் போங்கள், அப்படியே பதிவேட்டையும். பாடிய அம்மாவின் முழுப் பெயர், யாருக்காகப் பாடியது என்று நீங்கள் எழுதாமல் விட்ட கட்டங்களை அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் நிரப்ப முடியும்.