போலந்து வரலாற்றைத் திரைப்படங்கள் வழியே அறிய எதிலிருந்து தொடங்கலாம்?

ஆந்த்ரே வைதா 1957இல் எடுத்த ‘கனால்’ படத்திலிருந்து தொடங்குங்கள். நாஜிகளுக்கு எதிரான 1944 வார்சா எழுச்சியில் தோற்றுக்கொண்டிருக்கும் போராளிகள் சாக்கடைச் சுரங்கம் வழியே தப்பப் பார்க்கிறார்கள். விஸ்துலா ஆற்றின் எதிர்க்கரைக்கு வந்துவிட்ட சோவியத் படை உதவாமல் நின்றதை அன்றைய தணிக்கையில் வாய்திறந்து சொல்ல முடியாது. அதனால் சுரங்கத்தின் முடிவில், கம்பிகளுக்கு அப்பால், அந்தக் கரையை மட்டும் காட்டினார். உள்ளூர் ரசிகர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அடுத்து வைதாவின் ‘இரும்பு மனிதன்’, 1981. கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்துப் போராடிய தொழிற்சங்கத் தலைவர் லேக் வலேசாவே அதில் தோன்றுகிறார்.

‘கத்தின்’ 2007இல்தான் வந்தது. அது கத்தின் படுகொலையைப் பற்றியது: 1940இல் சோவியத் ரகசியப் போலீஸ் கொன்ற, போலந்து ராணுவ அதிகாரிகள் உள்ளிட்ட சுமார் 22,000 பேரில் வைதாவின் தந்தையும் ஒருவர். மாஸ்கோ அந்தப் பழியை 1990 வரை நாஜிகள் மீதே போட்டுவந்தது. படமாக ‘கனால்’தான் எனக்கு ஒரு படி மேல், ஆனாலும் இதைத் தவறவிடாதீர்கள்.